மொட்டை மாடிக்கு மேலே போலீஸ் ட்ரோன்: வேலூருக்கு எந்த விதி பொருந்தும்?

வேலூர் மாவட்டத்தில் போலீஸ் ட்ரோன் புதுச் செய்தி இல்லை. அணைக்கட்டு வட்டத்து மலைக்கிராமங்களிலும் பேரணாம்பட்டை ஒட்டிய சாத்கர் மலையிலும் சாராய ஊறலைத் தேடி அது பறந்துகொண்டுதான் இருக்கிறது. கூட்டம் திரளும் திருவிழாக்களில் பந்தோபஸ்துக்கும் வருகிறது. 2023 ஜூனில் சென்னை அடையாறில் காவல்துறைக்கென்று தனி ட்ரோன் பிரிவே திறக்கப்பட்டது. ஆனால் அந்த ட்ரோன் யார் உத்தரவில் கிளம்பலாம், ஒரு வீட்டின் பின்கட்டுக்கு மேலே நிற்கலாமா, எடுத்த படத்தை எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று கேட்டால், இதற்கென்று எடுத்துக் காட்ட ஒரு சட்டப்பிரிவு கிடையாது.

விதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த விதி என்பதைத்தான் யோசிக்க வேண்டும். உள்ளூரிலும் வெளிநாடுகளிலும் இருக்கும் ஏற்பாடுகளைப் பார்த்தால் நான்கு வழிகள் தெரிகின்றன. இப்போது இருப்பதுபோல் போலீசாரின் விருப்பத்துக்கே விட்டுவிடலாம். மேலதிகாரியிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கச் சொல்லலாம். பறந்து முடித்தபின் கோர்ட்டுக்கு அறிக்கை தரச் சொல்லலாம். அல்லது நீதித்துறை நடுவரிடம் முன்கூட்டியே வாரண்ட் வாங்கச் சொல்லலாம். கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர நினைப்பவர்களும், குடியிருப்போர் சங்கத்தின் பேரில் எஸ்.பி.க்கு மனு எழுதுபவர்களும் இவற்றில் எதைக் கேட்பது என்ற தெளிவோடு கேட்டால்தான் பலன் இருக்கும்.

இன்றைய சட்டம் எங்கே நிற்கிறது

ட்ரோன் விதிகள், 2021 அந்த ஆண்டு ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்டன. முப்படைகளின் ட்ரோன்களுக்கு அந்த விதிகள் பொருந்தாது. போலீசுக்கு அப்படி ஒட்டுமொத்த விலக்கு தரப்படவில்லை. எடையை வைத்து நானோ, மைக்ரோ, ஸ்மால் என்று வகை பிரித்து, டிஜிட்டல் ஸ்கை தளத்தில் அடையாள எண் வாங்கச் சொல்கின்றன. வான்வெளியைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கின்றன. பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத் தளத்தைச் சுற்றி அப்படிப் பறந்துவிட முடியாது. எல்லாமே விமானத்தோடு மோதாமலும், யார் தலையிலும் விழாமலும், பாதுகாப்பான இடங்களுக்குள் நுழையாமலும் இருப்பதற்கான ஏற்பாடு. போலீஸ் கேமரா எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்பதற்கு அதில் வரைமுறை இல்லை.

சோதனைச் சட்டம் தனியாக நிற்கிறது. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்திருக்கிறது. அதன் 96-வது பிரிவின்படி நீதிமன்றம் சோதனை வாரண்ட் பிறப்பிக்கலாம். இன்ன இடம், இன்ன பகுதி மட்டும் என்று எல்லை கட்டலாம். வாரண்டுக்குக் காத்திருந்தால் பொருள் கைவிட்டுப் போய்விடும் என்றால், 185-வது பிரிவின்படி விசாரணை அதிகாரி காரணத்தை எழுதிவைத்துவிட்டு அவரே சோதிக்கலாம். அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவருக்குப் போக வேண்டும். 103-வது பிரிவு அக்கம்பக்கத்தில் இருந்து இரண்டு சாட்சிகளைக் கூப்பிடச் சொல்கிறது. 105-வது பிரிவு சோதனை முழுவதையும் வீடியோ எடுக்கச் சொல்கிறது. இத்தனையும் வாசலைத் தாண்டி உள்ளே வரும் போலீசாரை மனதில் வைத்து எழுதியவை. வாசலை மிதிக்காமல் தலைக்கு மேலே நின்று பார்த்தால் அதற்கும் இந்தப் பாதுகாப்புகள் உண்டா என்பதற்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை.

போலீசாரின் விருப்பத்துக்கு விடுவது

இதை ஆதரிப்பவர்களின் வாதம் எளிமையானது. ரோந்து போவதற்கு யாராவது வாரண்ட் வாங்குகிறார்களா? ட்ரோனும் ரோந்துதானே? காட்டுக்கும் ஆற்றுக்கும் இந்த வாதம் ஓரளவு பொருந்தும். ராத்திரியில் பாலாற்றில் மாட்டுவண்டி இறக்கி மணல் அள்ளுகிறார்களா என்று பார்ப்பதற்கு நடுவரின் கையெழுத்து வேண்டும் என்று நானும் கேட்கமாட்டேன்.

குடியிருப்புக்கு மேலே வந்ததும் வாதம் உடைகிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அரசு அதில் கை வைப்பதானால் முதலில் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், அந்த நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில் இருக்க வேண்டும். சட்டமே இல்லாதபோது இரண்டாவது, மூன்றாவது கேள்விக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் காப்பாற்றும் என்று சிலர் நம்புகிறார்கள். குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் அந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு பெரும்பகுதி விலக்கு கொடுத்திருக்கிறது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும்.

2020 ஏப்ரல் ஊரடங்கில் திருப்பூர் போலீசார் வெளியிட்ட ட்ரோன் வீடியோவைப் பார்க்காத தமிழர் குறைவு. மரத்தடியில் கேரம் ஆடிக்கொண்டிருந்த இளைஞர்கள் ட்ரோனைக் கண்டதும் போர்டைத் தூக்கிக்கொண்டு சிதறி ஓடுவார்கள். நாடே சிரித்தது. ஊரடங்கை அமல்படுத்த எடுத்த படம், ஓடியவர்களின் சம்மதம் இல்லாமல் வேடிக்கைக் காட்சியாக ஊர் சுற்றியது. அதை வெளியிடக்கூடாது என்று சொல்ல ஒரு விதிகூட இல்லை. 2024 பிப்ரவரியில் ஷம்பு எல்லையில் ஹரியானா போலீசார் விவசாயிகள் மீது ட்ரோனிலிருந்தே கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டார்கள். எல்லை வகுக்காமல் விட்ட கருவி எவ்வளவு சீக்கிரம் வேறு வேலைக்குப் போகும் என்பதற்கு இதற்குமேல் உதாரணம் தேவையில்லை.

அதிகாரி அனுமதி: பிரான்சின் வழி

பிரான்சில் இந்த விதி கோர்ட்டில் அடிமேல் அடி வாங்கித்தான் உருவானது. 2020 மே 18 அன்று அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம், பாரீசில் ஊரடங்கைக் கண்காணித்த போலீஸ் ட்ரோன்களைத் தரையிறக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் ஆர்ப்பாட்டங்களுக்கு மேலே பறப்பதையும் நிறுத்தச் சொன்னது. அரசு அவசரமாக ஒரு சட்டப்பிரிவு கொண்டுவந்தது. 2021 மே மாதம் அரசியலமைப்பு மன்றம் போதிய பாதுகாப்பு இல்லை என்று அதையும் தள்ளியது. கடைசியில் 2022 ஜனவரி 24-ம் தேதிச் சட்டம் நிலைத்தது.

அதன்படி, நம் ஊர்க் கலெக்டர் இடத்தில் இருக்கும் அரசுப் பிரதிநிதி எழுத்தில் அனுமதி தர வேண்டும். எதற்காக, எந்த எல்லைக்குள், எத்தனை கேமரா, எவ்வளவு காலம் என்று அதில் இருக்க வேண்டும். ஒரு அனுமதி அதிகபட்சம் மூன்று மாதம் செல்லும். வீட்டின் உட்புறத்தைக் குறிவைத்துப் படம் எடுக்கக்கூடாது. ஒலிப்பதிவு கூடாது, முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் கூடாது. வழக்குக்குத் தேவைப்பட்டால் தவிர, படங்கள் ஏழு நாளில் அழிய வேண்டும்.

திருவிழாக் கூட்டத்துக்கும் எருது விடும் விழாவுக்கும் சாராய வேட்டைக்கும் இது அளவெடுத்துத் தைத்தாற்போல் இருக்கிறது. குறை எங்கே என்றால், கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே அரசின் ஆட்கள். தொலைபேசி ஒட்டுக்கேட்பில் இந்த ஏற்பாடு எப்படிப் போகிறது என்று நமக்கு அனுபவம் இருக்கிறது. 1996-ல் பி.யு.சி.எல். என்ற குடிமை உரிமை அமைப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் உள்துறைச் செயலாளர் உத்தரவு, மறுஆய்வுக் குழு, கால வரம்பு என்றெல்லாம் வகுத்துக் கொடுத்தது. அவ்வளவும் இருந்தும், 2011-ல் மத்திய உள்துறை பிறப்பித்த ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவு சட்டத்துக்கு உட்பட்டதல்ல என்று 2025 ஜூலையில்தான் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இடையே 14 ஆண்டுகள். ஆகவே வீடு என்று வந்தால் அதிகாரியின் அனுமதி மட்டும் போதாது என்பது என் முடிவு.

பறந்தபின் அறிக்கை தரும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 105, 185 பிரிவுகளை ட்ரோனுக்கும் நீட்டித்து, 48 மணி நேரத்தில் வீடியோவை நடுவருக்கு அனுப்பச் சொல்லலாம். செலவில்லை, தாமதமில்லை. ஆனால் பார்க்கக்கூடாததைப் பார்த்தபின் அறிக்கை எழுதி என்ன செய்ய? அவசர நேரத்துக்கு இது நல்ல துணை விதி. முதன்மை விதியாக நிற்காது.

முன்கூட்டிய வாரண்ட்: அமெரிக்காவில் கற்க வேண்டியதும் விலக்க வேண்டியதும்

வாரண்ட் என்றதும் நம் வக்கீல்கள் அமெரிக்கத் தீர்ப்புகளைத்தான் புரட்டுவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது.

1986-ல் சிராலோ வழக்கு. கலிபோர்னியாவில் ஒருவர் வீட்டுக் கொல்லையைச் சுற்றி ஆறடியில் ஒரு வேலியும் உள்ளே பத்தடியில் இன்னொரு வேலியும் போட்டுக் கஞ்சா வளர்த்தார். போலீசார் விமானத்தில் 1,000 அடி உயரத்தில் பறந்து பார்த்துவிட்டார்கள். வாரண்ட் தேவையில்லை என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம்: அந்த உயரத்தில் பொதுமக்கள் யாரும் பறக்கலாம், யாரும் பார்த்திருக்கலாம் என்பது காரணம். 1989-ல் ரைலி வழக்கில் அதே காரணத்தை 400 அடியில் நின்ற ஹெலிகாப்டருக்கும் நீட்டினார்கள். இப்போது நம் ட்ரோன் விதிகளின் பச்சைப் பகுதி உயரத்தைப் பாருங்கள். அதுவும் 400 அடி. யாரும் சட்டப்படி பறக்கக்கூடிய உயரத்திலிருந்து போலீசும் பார்க்கலாம் என்ற அந்தக் காரணத்தை இங்கே கொண்டுவந்தால், மோதல் தவிர்க்க எழுதிய ஒரு விமான விதி, பச்சைப் பகுதியில் இருக்கும் ஒவ்வொரு வீட்டின் கொல்லையையும் போலீஸ் கேமராவுக்குத் திறந்துவிட்டதாக ஆகிவிடும்.

நம் ஊர் வீடுகளுக்கு அந்தக் காரணம் சற்றும் ஒட்டாது. பீஞ்சமந்தை, அல்லேரி மாதிரி மலைக்கிராமங்களில் குளியலறை என்று பல வீடுகளில் இருப்பது நாலு பக்கமும் தட்டியோ பழைய புடவையோ கட்டிய மறைப்பு. மேலே கூரை கிடையாது. தெருவிலிருந்து யாரும் பார்க்க முடியாது என்பதே அந்தப் பெண்களுக்குப் போதுமான மறைவாக இருந்தது. கீழே வேலூர் நகரத்துக்கு வந்தால், கத்திரி வெயிலில் வெக்கை தாங்காமல் சைதாப்பேட்டையிலும் கொசப்பேட்டையிலும் குடும்பத்தோடு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். கூரை இல்லாததால் அந்த இடம் பொது இடம் ஆகிவிடாது. கனரா வங்கி வழக்கில் 2004-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்குத் துணை நிற்கிறது: அந்தரங்க உரிமை ஆட்களுக்கு உரியது, இடங்களுக்கு அல்ல.

அமெரிக்காவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு. 2001-ல் கைலோ வழக்கில், தெருவில் நின்றபடி தெர்மல் கேமராவால் வீட்டுச் சுவரின் சூட்டை அளந்ததற்கே வாரண்ட் வேண்டும் என்றார்கள். ராத்திரியில் சாராய அடுப்பு எரிவதைக் கண்டுபிடிக்கத் தெர்மல் கேமரா வைத்த ட்ரோன் மிகவும் உதவும் என்பதால் இது நமக்கு முக்கியம். 2024 மார்ச்சில் அலாஸ்கா மாநில உச்ச நீதிமன்றம், விமானத்திலிருந்து ஜூம் லென்ஸ் வைத்து வீட்டு வளாகத்தைப் படமெடுக்க வாரண்ட் தேவை என்று தன் மாநில அரசியலமைப்பை வைத்துத் தீர்ப்பளித்தது.

நீதிமன்றத்துக்குக் காத்திருக்காமல் சட்டமன்றங்களே எழுதிய விதிகள் இன்னும் தெளிவானவை. புளோரிடா 2013-லேயே போலீஸ் ட்ரோனுக்கு வாரண்ட் கட்டாயம் என்றது. உயிருக்கு ஆபத்து, தப்பி ஓடும் ஆள், காணாமல் போனவரைத் தேடுவது போன்ற அவசரங்களுக்கு விலக்கு உண்டு. மீறி எடுத்த படம் குற்ற வழக்கில் சாட்சியம் ஆகாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இல்லினாய் மாநிலம் ட்ரோன் வாரண்டுக்கு 45 நாள் வரம்பு வைத்தது. அவசரத்தில் வாரண்ட் இல்லாமல் 48 மணி நேரம். வழக்குக்குத் தேவையில்லாத படங்களை 30 நாளில் அழிக்க வேண்டும். பிற்பாடு இரண்டு மாநிலங்களும் கொஞ்சம் தளர்த்தின. 2022-ல் ஹைலண்ட் பார்க் ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்த பிறகு, பெரிய பொது நிகழ்ச்சிகளுக்கு மேலே பறக்க இல்லினாய் அனுமதித்தது. கூட்டத்துக்குத் தளர்வு, வீட்டுக்கு வாரண்ட் என்று அவர்கள் வந்து சேர்ந்த இடத்தில் நாம் தொடங்கலாம்.

நேரம் இருக்குமா?

போலீசாரின் மறுப்பை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 65 பேருக்கு மேல் கொன்றது. மலையில் ஊறலைக் கண்ட இன்ஸ்பெக்டர் நீதித்துறை நடுவர் (ஜே.எம்.) கோர்ட்டுக்கு ஆள் அனுப்பி வாரண்ட் வருவதற்குள் பேரல்கள் காட்டுக்குள் போய்விடும் என்கிறார்கள்.

ஆனால் ஊறல் பெரும்பாலும் இருப்பது ஓடைக்கரையிலும் புதருக்குள்ளும். அங்கே அதிகாரியின் எழுத்து உத்தரவே போதும்; வாரண்டை யாரும் கேட்கவில்லை. வீட்டு வளாகத்துக்குள் இருந்தால்? அதற்கும் வழி சட்டத்திலேயே இருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். 530-வது பிரிவு வாரண்ட் பிறப்பிப்பதையும் நிறைவேற்றுவதையும் மின்னணு முறையில் செய்ய அனுமதிக்கிறது. ஒடுகத்தூர் மலையில் நிற்கும் அதிகாரி சத்துவாச்சாரி கோர்ட்டுக்கு நேரில் வர வேண்டியதில்லை. அதற்கும் நேரமில்லை என்றால் 185-வது பிரிவு மாதிரியே காரணத்தை எழுதிவிட்டுப் பறக்கவிட்டு, 48 மணி நேரத்தில் நடுவரிடம் பதிவைக் கொடுக்கட்டும். 2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்ததுபோன்ற நாளில் வெள்ளத்தில் சிக்கியவர்களைத் தேட எந்தத் தாளும் தேவையில்லை என்று தனியாக ஒரு வரி எழுதிவிடலாம்.

எவ்வளவு நேரம் பறந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ரவுடிப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக ஒரே வீட்டுக்கு மேலே தினமும் போய் நிற்பதை ரோந்து என்று சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றம் 1962-லேயே கரக் சிங் வழக்கில், கண்காணிப்பில் இருப்பவரின் வீட்டுக்கு ராத்திரியில் போய்க் கதவைத் தட்டும் போலீஸ் விதியை ரத்து செய்தது. 2024-ல் ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில், ஜாமீனில் வந்தவரின் நடமாட்டத்தை கூகுள் மேப் வழியாகத் தொடர்ந்து பார்க்கும் நிபந்தனையும் செல்லாது என்றது. ஒரே ஆளையோ ஒரே வீட்டையோ திரும்பத் திரும்பத் தொடர்ந்தால், அது திறந்த வெளியாகவே இருந்தாலும் வாரண்ட் வேண்டும்.

மீறினால் என்ன ஆகும்?

வாரண்ட் விதியை எவ்வளவு கச்சிதமாக எழுதினாலும் ஓர் ஓட்டை அதை வீணாக்கிவிடும். அமெரிக்காவில் சட்டத்தை மீறிச் சோதித்துக் கிடைத்த சாட்சியத்தைக் குற்ற வழக்கில் பொதுவாக ஒதுக்கிவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. 1973-ல் நம் உச்ச நீதிமன்றம் தந்த பூரண்மல் தீர்ப்பின்படி, சோதனை சட்டவிரோதம் என்றாலும் கிடைத்த பொருள் வழக்குக்குப் பொருத்தமானதாக இருந்தால் சாட்சியமாக ஏற்கலாம். ட்ரோன் வீடியோவுக்கு புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழை வைத்துவிட்டால், வாரண்ட் இல்லாமல் எடுத்த வீடியோவும் கோர்ட்டில் நிற்கும். பிறகு எந்த இன்ஸ்பெக்டர் வாரண்டுக்கு விண்ணப்பிப்பார்? 2025 ஒட்டுக்கேட்பு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உரையாடல்களைப் பயன்படுத்தக்கூடாது என்று சொன்னது நம்பிக்கை தருகிறது. ஆனாலும் அது ஒட்டுக்கேட்புச் சட்டத்தை வைத்துச் சொன்னது. ட்ரோனுக்கு, புளோரிடா செய்ததுபோல், விதியிலேயே எழுதினால்தான் உண்டு. நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இந்த ஒரு வாசகத்தை விட்டுக்கொடுக்கக்கூடாது என்பேன்.

யாரிடம் எதைக் கேட்பது

விமானமும் வான்வெளியும் மத்தியப் பட்டியல். காவல்துறை மாநிலப் பட்டியல். குற்றவியல் நடைமுறையும் சாட்சியமும் பொதுப் பட்டியல். இந்தப் பிரிவினையால் மனுவை ஒரே இடத்துக்கு அனுப்பிப் பயனில்லை.

காடு, ஆறு, திருவிழா ஆகியவற்றுக்கு ஒவ்வொரு முறையும் நோக்கம், இடம், நேரம் எழுதிய உத்தரவு; யார் ஓட்டினார் என்ற பதிவேடு; படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடத் தடை; குறித்த நாளில் அழிப்பு. இவற்றை மாவட்ட எஸ்.பி. ஒரு நிலை உத்தரவில் (ஸ்டாண்டிங் ஆர்டர்) நாளையே கொண்டுவரலாம். எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. மலை ஊராட்சிகள் அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போட்டு அனுப்பலாம். உத்தரவு வந்தால், தகவல் உரிமைச் சட்டத்தின் 4-வது பிரிவைக் காட்டி அதை இணையத்தில் வைக்கச் சொல்லலாம்.

வீடு, கொல்லை, மொட்டை மாடிக்கு மேலே வாரண்ட் என்பதை மாநில அரசு காவல்துறைக்கு உத்தரவாகவே பிறப்பிக்க முடியும். தன் போலீசாரைக் கட்டுப்படுத்த அதற்கு அதிகாரம் இருக்கிறது. விண்ணப்பிக்க 96-வது பிரிவு இருக்கிறது, ட்ரோனுக்கு அது எட்டாது என்று ஏதாவது ஒரு கோர்ட் சொன்னால் திருத்தம் கேட்கலாம். மீறி எடுத்த படம் சாட்சியம் ஆகாது என்ற வாசகத்துக்குத்தான் சட்டமன்றத்தில் திருத்த மசோதாவும், அரசியலமைப்பின் 254-வது பிரிவின்கீழ் குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும். ஆகையால் அந்தக் கோரிக்கையைத் தனி மனுவாக நம் எம்.எல்.ஏ.க்களிடம் இப்போதே கொடுத்துவிட்டு, எஸ்.பி. அலுவலக மனுவை அதற்காகக் காத்திருக்க வைக்காமல் அனுப்பிவிட வேண்டும்.